அக்கா கேட்கக் கூடாது

போன வாரம், அன்னையர் ஞாயிறன்று மிலியானா பிரசங்கபீடத்தில் ஏறியதோடு நிறுத்தியிருந்தோம். இந்த ஒரு வாரத்தில் நீங்கள் அதை மறந்திருக்கலாம். சமோவாவின் ஃபலேவாய் கிராமம் மறக்கவில்லை. கடையிலும் படகுத்துறையிலும் ஊர்ப் பேருந்திலும் அதே பேச்சாகத்தான் இருந்தது.

பேச்சுக்குக் காரணம் உண்டு. ஊர்ப் போதகர் வயதாகி ஓய்வு பெற்றுப் போய்விட்டார். புதியவர் இன்னும் வரவில்லை. மிலியானாவோ ஒரு போதகரின் விதவை. உப்போலு தீவில் கணவனோடு கால் நூற்றாண்டு ஊழியம் செய்தவள். இறையியல் கல்லூரியில் அவன் எழுதிய பரீட்சைகளை எல்லாம் அவளும் எழுதினாள். அவனுக்குக் குருப்பட்டம் கிடைத்தது; அவளுக்குச் சுவரில் மாட்ட ஒரு சான்றிதழ் கிடைத்தது. அவன் இறந்ததும், வழக்கப்படி, போதகர் வீட்டை அடுத்து வருகிறவருக்குக் காலி செய்து கொடுத்துவிட்டு, பெட்டிகளோடு தம்பி இசாயா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். இது போன வருஷம்.

வருஷத்தில் ஒரே ஒரு ஞாயிறு பெண்களுடையது. அன்று அவர்கள் வெள்ளை உடுத்தி, வெள்ளைத் தொப்பி வைத்து, பாட்டு முதல் பிரசங்கம் வரை எல்லாம் நடத்தலாம். மறுநாள் தொப்பியைப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். இந்த வருஷம் பெண்கள் சங்கம் தொப்பியைப் பெட்டியில் வைக்க மறுத்துவிட்டது. புதுப் போதகர் வரும்வரை மிலியானாவே பிரசங்கம் செய்யட்டும் என்று கேட்டது.

அதை முடிவு செய்ய இன்று மதியம் மூப்பர்கள் கூடுகிறார்கள், தலைமூப்பர் இசாயாவின் வீட்டில்.

வட்டாரப் போதகர் நேற்றே தொலைபேசியில் கூப்பிட்டுவிட்டார். "அன்னையர் ஞாயிறு வருஷத்துக்கு ஒண்ணுதான், இசாயா. அதை மீறினா உங்க மூப்பர் பதவியை வட்டாரக் கூட்டத்துல பேச வேண்டியிருக்கும். நான் ஒரு நாள் வந்து பார்க்கறேன்." எந்த நாள் என்று சொல்லவில்லை.

ஆனால் இசாயா பயந்தது வட்டாரப் போதகருக்கு அல்ல. அக்காவுக்கு.

சமோவாவில் தம்பி என்றால் அக்காவுக்குக் கட்டுப்பட்டவன். பந்தியில் முதல் மீன் அவளுக்கு. வீட்டில் நல்ல பாய் அவளுக்கு. அவள் எதிரே குரல் உயரக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, அவள் வாய் திறந்து ஒன்றைக் கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. சொன்னவன் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. மிலியானா மட்டும் "தம்பி, அந்த இடத்தை எனக்குக் கொடு" என்று கேட்டுவிட்டால் இசாயா தொலைந்தான். கொடுத்தால் சபைக் கட்டுப்பாடு போச்சு. மறுத்தால் தம்பி என்ற பெயர் போச்சு.

ஆகையால் அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். அவளைக் கேட்க விடாமல் பார்த்துக்கொள்வது. ஐம்பத்தெட்டு வயது மனிதன், ஊரே எழுந்து நின்று வழிவிடும் மனிதன், விடிந்ததிலிருந்து தன் அக்காவிடமிருந்து ஓடிக்கொண்டிருந்தான்.

முதல் ஓட்டம் கல் அடுப்படியில். சூடேறிய கற்களின் மேல் சேம்பங்கிழங்கையும், தேங்காய்ப்பாலை ஊற்றிப் பொதிந்த சேம்பிலைப் பொட்டலங்களையும் அடுக்கிக்கொண்டிருந்தபோது மிலியானா கொக்கோ கோப்பையோடு வந்து நின்றாள்.

"தம்பி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"கல்லு ஆறிடும்க்கா. அப்புறம் சொல்லுங்க."

"ஒரு நிமிஷம்தான்."

"இலை பத்தல. இதோ வந்துடறேன்."

வாழைத் தோட்டத்துக்குள் போனவன் அவள் வீட்டுக்குள் போகும்வரை வெளியே வரவில்லை. கொசு பிடுங்கியது.

இரண்டாவது ஓட்டம் ஆலய வாசலில். "தம்பி" என்று அவள் வாயெடுக்கும் முன்பே, "மணி அடிக்க ஆள் வரல போல" என்று சொல்லிக்கொண்டு மரத்தடிக்கு நடந்துவிட்டான். அங்கே தொங்கவிட்டிருந்த பழைய எரிவாயு உருளையைக் கம்பியால் அடித்தான், ஊர் காது அடைக்கும் அளவுக்கு.

காலைப் பிரசங்கமும் அவன் தலையிலேயே விழுந்தது. அதைப் பற்றி அதிகம் சொல்லாமல் விடுவது அவனுக்கு நாம் செய்யும் மரியாதை. முன் வரிசையில் சியாவோசி மூப்பர் தூங்கினார். பின் வரிசையில் இசாயாவின் மனைவி பெனினா, கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த மற்றப் பெண்களோடு உட்கார்ந்து, முகத்தைத் தொப்பிக்குக் கீழே மறைத்துக்கொண்டிருந்தாள். ஊரில் பிறந்த பெண்களுக்கு முன் பெஞ்சு, வந்த பெண்களுக்குப் பின் பெஞ்சு. மிலியானா முன் பெஞ்சில் விசிறியை மெதுவாக ஆட்டியபடி, தம்பி சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டாள். அது அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மதியச் சாப்பாட்டில் ஓட வழியில்லை. மிலியானா நல்ல பாயில் உட்கார்ந்திருந்தாள். இசாயாவே தட்டைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தான். பெனினா ஓரமாக உட்கார்ந்து ஈ விரட்டினாள். மருமகள்கள் கடைசியில்தான் சாப்பிடுவார்கள்.

மிலியானா மீனைப் பிட்டாள். "தம்பி, இப்ப ஒண்ணு கேக்கறேன்."

எழப் பார்த்த இசாயா மறுபடி உட்கார்ந்தான். "சொல்லுங்கக்கா."

"அந்த உப்பை இப்படித் தள்ளு."

பெனினா சட்டென்று குனிந்துகொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

இசாயா உப்பை அவசரமாகத் தள்ளியதில் பாதி பாயில் கொட்டியது. மிலியானா அதைப் பார்த்தாள். பிறகு தட்டை நகர்த்தி வைத்தாள்.

"காலையிலேர்ந்து எங்கிட்டேருந்து ஓடறே. உன் சட்டைக் காலர்ல பின்னாடி பூரா கரி. அதைச் சொல்லத்தான் வந்தேன். கேக்காம போய் அதோடயே பிரசங்கம் பண்ணிட்டு வந்துட்டே."

இசாயா பின்கழுத்தைத் தொட்டுப் பார்த்தான். விரல் கறுத்தது.

"நான் கேக்க மாட்டேன், இசாயா."

"என்னக்கா..."

"தெரியாத மாதிரி பேசாதே. நான் கேட்டா நீ குடுத்துருவே. உசுரே போனாலும் குடுப்பே. ஆனா அது அக்காவுக்குத் தம்பி குடுத்ததா இருக்கும். நாளைக்கு இன்னொருத்தி வந்து நிப்பா. அவளுக்கு இங்க தம்பி இருக்க மாட்டான். அவளுக்கு என்ன வழி?"

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவன் மன்னிப்புக் கேட்டு முடித்திருப்பான்.

"இருபத்தஞ்சு வருஷம் அவருக்கு உடம்பு சரியில்லாதப்பல்லாம் பிள்ளைங்களுக்கு வேதம் சொல்லிக்குடுத்தேன், சாகக் கிடக்கறவங்க பக்கத்துல உக்காந்து ஜெபம் பண்ணேன். அவர் போனதும் வீட்டுச் சாவியை வாங்கிட்டாங்க. ஆண்டவர் என்னைக் கூப்பிட்டாரா, அவரை மட்டும்தான் கூப்பிட்டாரான்னு இன்னும் எனக்குப் புரியல. அதுக்குப் பதில் சொல்ல வேண்டியது நீ இல்ல. சபை."

சொல்லிவிட்டு எழுந்து பின்கட்டுக்குப் போனாள். மீனில் பாதி அப்படியே இருந்தது.

இசாயாவுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அக்கா கேட்க மாட்டாள். தப்பித்தான். அந்த நிம்மதியைத் தொடர்ந்து வெட்கமும் வந்தது. அந்த வெட்கத்தில்தான் அவனுக்கு அந்த யோசனை உதித்தது. அதை நினைத்து அவனே மகிழ்ந்துபோனான்.

மூப்பர்கள் வந்து, சுவரில்லாத முன்கூடத்தின் தூண்களில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். மொத்தம் ஐந்து பேர். சியாவோசி எல்லாருக்கும் மூத்தவர். ஃபிலிப்போ எல்லாவற்றுக்கும் சிரிப்பவன். மற்ற இருவரும் யார் கடைசியாகப் பேசினாலும் தலையாட்டுவார்கள்.

"மிலியானா நல்லா பேசினா. அதுல தகராறே இல்ல" என்று சியாவோசி ஆரம்பித்தார். "நான் அழுதேன். என் வீட்டுக்காரி செத்தப்பகூட நான் அப்படி அழல. ஆனா ஒரு வழக்கம்னா வழக்கம். இன்னிக்கு நல்லா இருக்குன்னு ஒரு தூணைப் பிடுங்கினா, நாளைக்குக் கூரையை யாரு தாங்கறது?"

"இன்னிக்குக் காலையில கூரை நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்குக் கீழதான் எல்லாரும் தூங்கிட்டோம்" என்றான் ஃபிலிப்போ.

"நீ சும்மா இரு."

"இல்ல பெரியவரே, போன வாரம் தூங்கலையேன்னு சொன்னேன்."

இசாயா தொண்டையைச் செருமினான். "எங்கிட்ட ஒரு வழி இருக்கு. அக்கா பேசட்டும். ஆனா பிரசங்கபீடத்துல ஏற வேண்டாம். கீழ, பீடத்துக்கு முன்னாடி, எங்க வீட்டுப் பெரிய பாயை விரிக்கறேன். எங்க அம்மா கல்யாணத்துப் பாய். ஒரு சின்ன மேஜை, பூ, எல்லாம் வைப்போம். ராணி மாதிரி நின்னு பேசட்டும். அவங்களுக்கும் மரியாதை, வழக்கமும் கெடாது. வட்டாரம் கேட்டா, பிரசங்கம் இல்ல, சாட்சி சொன்னாங்கன்னு சொல்லிக்கலாம்."

எல்லார் முகமும் தெளிந்தது. சியாவோசிகூடத் தலையை அசைத்தார். இந்த ஊரில் ஒரு பெண்ணுக்கு நல்ல பாயை விரித்தால் அதற்கு மேல் ஒரு மரியாதை இல்லை. இசாயா அப்படித்தான் வளர்ந்தான். அதற்கு மேலும் ஒன்று வேண்டியிருக்கும் என்பது அவன் மனதில் வரவே இல்லை.

பெனினா கொக்கோ ஊற்றிக்கொண்டிருந்தாள். ஐந்து கோப்பையும் நிறைந்த பிறகு அவள் போயிருக்க வேண்டும். போகவில்லை. பானையைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் சுற்றியிருந்த லாவலாவாத் துணியின் முனையைச் சரிசெய்துகொண்டு, பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

மூப்பர்கள் கூட்டத்தில் மனைவிமார் உட்காருவதில்லை. அவளுக்கு உடம்பு சரியில்லையோ என்று ஃபிலிப்போ பார்த்தான்.

"பெனினா, என்ன?" என்றான் இசாயா.

"ஒண்ணு பேசணும், மூப்பரே."

மூப்பரே. வீட்டில் அவள் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை.

இசாயா பின்கட்டைப் பார்த்தான். அவளுக்கும் நாத்தனாருக்கும் இந்த ஒரு வருஷமாக என்ன ராசி என்று அவனுக்குத் தெரியும். பெட்டிகள் வந்த அன்று யாருடைய அறை போனது, யார் தட்டை யார் கழுவுவது, எல்லாமே வாய்க்குள் முணுமுணுப்பாகவே இருந்தது. அவள் இந்தப் பாய் யோசனைக்குச் சந்தோஷப்படுவாள் என்றே நினைத்திருந்தான்.

"அந்தப் பாயை நேத்து வெயில்ல போட்டுத் தட்டி எடுத்தது நான்" என்றாள் பெனினா. "ஆலயத்துக்குப் பூ வெக்கறது நாங்க. திருவிருந்துக்கு அப்பம் சுடறது நாங்க. இந்த ஊர்ல பொறக்காத நாங்க. சனிக்கிழமையானா பிரசங்கபீடத்தைத் துடைக்கறதும் நாங்கதான். அதைக் கீழ நின்னு துடைக்க முடியாது, மூப்பரே. ஏறித்தான் துடைக்கறோம்."

பெனினா ஐந்து பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"கையில துணி இருந்தா ஏறலாம். வேதம் இருந்தா ஏறக் கூடாதா? அது எனக்கு விளங்கல. விளங்கற மாதிரி யாராவது சொல்லுங்க. எழுந்து போயிடறேன்."

சியாவோசி தாடையைத் தடவினார். "அம்மா, உன் நாத்தனாருக்காகப் பேசறே, நல்லதுதான்..."

"அண்ணிக்காக இல்ல, பெரியவரே. அவங்க இங்க வந்தது எனக்குப் பிடிக்கல. ஊருக்கே தெரியும்." பெனினா பாயின் ஓரத்தை நீவிவிட்டாள். "போன ஞாயிறு அவங்க வேதத்துல வர்ற அந்த வேலைக்காரப் பொண்ணைப் பத்திச் சொன்னாங்க. பிள்ளையோட வனாந்தரத்துக்குத் துரத்திவிட்டாங்களே, அவ. வேத்து ஊர்க்காரி, வீட்டுல யாரும் அவ பேரைச் சொல்லிக்கூடக் கூப்பிடல, ஆண்டவர் கூப்பிட்டாருன்னு சொன்னாங்க. இந்த ஊருக்கு வந்து முப்பது வருஷமாச்சு. அந்தப் பீடத்துலேர்ந்து என்னைப் பத்தி யாரும் பேசி நான் கேட்டதில்ல. அன்னிக்குத்தான் கேட்டேன். இன்னொரு தடவை கேக்கணும். அவ்வளவுதான்."

அவள் எழுந்தாள். பானையை எடுத்துக்கொண்டு, முதுகைக் காட்டாமல் பின்னுக்கு நகர்ந்து, வழக்கப்படியே வெளியே போனாள்.

இசாயா தன் கோப்பையைப் பார்த்தபடி இருந்தான். கல்யாணமான நாளாக அக்காவுக்கு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதில் அவன் ஒரு குறை வைத்ததில்லை. பக்கத்தில் ஒருத்தி முப்பது வருஷமாகக் கடைசியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்ன மரியாதை என்று எந்த வழக்கமும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை, அவனும் கேட்கவில்லை.

"என்ன முடிவு?" என்றார் சியாவோசி.

இசாயா பதில் சொல்வதற்குள் மாலை ஆராதனைக்கு எரிவாயு உருளை ஒலிக்க ஆரம்பித்தது.

மற்றவர்கள் ஆலயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பாய் ஏற்கெனவே விரித்தாகிவிட்டது. ஃபிலிப்போ முந்திக்கொண்டு போய், பீடத்தின் அடியில் அதை விரித்து, மேஜை போட்டு, செம்பருத்தி வைத்திருந்தான். மிலியானா முன் பெஞ்சில் வந்து உட்கார்ந்து பாயைப் பார்த்தாள், மேஜையைப் பார்த்தாள், விசிறியை எடுத்தாள். பின்கட்டில் இருந்தவளுக்கு எல்லாம் காதில் விழுந்திருக்கும். திறந்த வீட்டில் ரகசியம் ஏது?

பாட்டு முடிந்தது. இசாயா பீடத்தின் படியருகே போனான். ஏறவில்லை. திரும்பி நின்றான். சட்டை மாற்றியிருந்தான், காலர் சுத்தமாக இருந்தது.

"மூப்பர்கள் ஒரு முடிவுக்கும் வரல" என்றான். "நான் பாய் விரிச்சா போதும்னு நினைச்சேன். என் வீட்டுல ஒருத்தர் அது போதாதுன்னு சொன்னாங்க. அவங்க சொன்னது சரி. நான் தம்பி. நான் குடுத்தா அது எங்க வீட்டு விஷயம். அதனால சபையைக் கேக்கறேன். இன்னிக்கு யாரு ஏறணும்னு நீங்க சொல்லுங்க."

ஆலயத்தில் இருமல்கூட இல்லை. மிலியானாவின் விசிறி நின்றது.

தான் அவளை ஊரார் முன்னால் அவமானப்படுத்திவிட்டோமோ என்று இசாயா தவித்தான். தனியாகக் கேட்டுவிட்டுக் கொடுத்திருக்கலாம். தம்பியாகவே கொடுத்திருக்கலாம்.

"அண்ணி ஏறட்டும்" என்றது ஒரு குரல், பின் பெஞ்சிலிருந்து.

"ஏறட்டும்" என்றாள் அவள் பக்கத்தில் இருந்தவள். இன்னும் இரண்டு மூன்று குரல்கள் கேட்டன. ஆண்கள் பக்கத்திலிருந்து ஃபிலிப்போ, "ஏறட்டும்ப்பா, தூக்கம் வராது" என்றான். சிலர் சிரித்தார்கள். நிறையப் பேர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று சொல்வதற்கில்லை.

சியாவோசி எழுந்து தடியை ஊன்றிப் பக்கக் கதவு வழியாக வெளியே போனார். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. கதவுக்கு வெளியே இருந்த படியில், ஆலயத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அங்கே உட்கார்ந்தால் உள்ளே பேசுவது நன்றாகக் கேட்கும்.

மிலியானா எழுந்தாள். பீடத்துக்குப் போவாள் என்று எல்லாரும் பார்த்திருக்க, அவள் பின்னால் நடந்தாள். கடைசிப் பெஞ்சுவரை போய், பெனினாவின் கையைப் பிடித்தாள்.

"வேண்டாம் அண்ணி. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். வா."

இழுத்துக்கொண்டு வந்து முன் பெஞ்சில், தான் உட்கார்ந்திருந்த இடத்திலேயே உட்கார வைத்தாள். தன் விசிறியை அவள் மடியில் வைத்தாள். பிறகு பாயை மிதிக்காமல் அதைச் சுற்றிக்கொண்டு போய்ப் படியேறினாள்.

அப்போதுதான் இசாயாவுக்கு அந்தச் சத்தம் கேட்டது. கடற்கரைச் சாலையிலிருந்து ஒரு கார் ஆலயப் பக்கம் திரும்பியது. கிராமத்தில் கார்கள் கொஞ்சம். எதன் சத்தம் எது என்று எல்லாருக்கும் தெரியும். வட்டாரப் போதகரின் கார் அது. ஒரு நாள் வந்து பார்க்கிறேன் என்றவர் இன்றைக்கே வந்துவிட்டார்.

விருந்தினர் வந்தால் தலைமூப்பர் வாசலுக்குப் போய்க் கைகூப்பி அழைத்து வர வேண்டும். இத்தனை வருஷத்தில் அவன் ஒரு முறை தவறியதில்லை. அவனுடைய கால்கள் தாமாகவே வாசல் பக்கம் திரும்பிவிட்டன.

முன் பெஞ்சில் பெனினா விசிறியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் அவனைப் பார்க்கவில்லை. பீடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலே மிலியானா வேதத்தைத் திறந்தாள். வெளியே கார்க் கதவு சாத்தப்பட்டது. சரளைக் கல்லில் செருப்புச் சத்தம் வாசலை நெருங்கி வந்தது.

இசாயா மனைவியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.